நான் கடத்திய பி ஷிப்ட்

ஓசூரில் யூனிஃபார்ம் போட்ட ஆளை யாரும் கேள்வி கேட்பதில்லை. கம்பெனிச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையும் இருந்தால் மளிகைக் கடையில் முதலில் சாமான் கட்டித் தருவார்கள், வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் வாடகைக்கு விடுவார், பெண் வீட்டார் உட்காரச் சொல்லிக் காபி கொடுப்பார்கள். ஊரின் இந்த நல்ல பழக்கத்தை நம்பித்தான் நான் ஒரு தொழிற்சாலையின் அசெம்பிளி லைன் பி ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரையும் பட்டப்பகலில் பஸ்ஸில் ஏற்றிக் கடத்திக்கொண்டு போனேன். வேண்டுமென்று செய்யவில்லை. (வேண்டுமென்று செய்யும் அளவுக்குத் திறமை இருந்திருந்தால் நான் இன்றைக்கு எங்கேயோ இருந்திருப்பேன்.)

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. நான் மெக்கானிக்கல் இறுதியாண்டு. சூளகிரியைத் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே எங்கள் பொறியியல் கல்லூரி. தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் பெரிய பல்கலைக்கழகம் மாதிரி வருஷா வருஷம் ‘பழைய மாணவர் வாரம்’ கொண்டாடுவோம். திங்கள்கிழமை பழைய மாணவர்களுக்கும் எங்களுக்கும் கிரிக்கெட் (அவர்களுக்கு மூச்சு வாங்கும், நாங்கள் மரியாதைக்குத் தோற்போம்), செவ்வாய் வினாடி வினா, புதன் கோலப் போட்டி என்று வாரத்தை ஒப்பேற்றிக்கொண்டே போய், சனிக்கிழமை பிற்பகல் பெரிய விழா. அன்றைக்குத்தான் பழைய மாணவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள்.

அந்த வருஷத்து சனிக்கிழமைக்கு ஒரு தனி முக்கியத்துவம் இருந்தது. எங்கள் கல்லூரிக்கு அதுவரை ஒரு கம்பெனிகூட வளாக நேர்காணலுக்கு வந்ததில்லை. முதல் செட்டில் படித்த திருமூர்த்தி என்பவர் பக்கத்திலேயே ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் உதவி மேலாளராக இருந்தார். அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். விழாவுக்கு வந்து பையன்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திருப்தியாக இருந்தால் தன் கம்பெனியை நேர்காணலுக்கு அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தார்.

எனக்கு அந்தக் கம்பெனியில் வேலை வேண்டும். என் அப்பா திருமங்கலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். ஒப்பந்த ஆட்களுக்கு வெறும் நீலச் சட்டைதான், அதில் கம்பெனி பெயர் இருக்காது. “பாக்கெட்டுல பேரு தச்ச சட்டைய நீயாச்சும் போடணும்டா” என்று மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவார். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றுவார். அதனால் அந்த நேர்காணல் எனக்கு வெறும் நேர்காணல் இல்லை.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே தகுதியில் என்னை மாணவர் ஒருங்கிணைப்பாளர் ஆக்கியிருந்தார்கள். பதவி வந்ததும் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அழைப்பிதழில் சொந்தமாக ஒரு வரி சேர்த்தேன். ‘பணியில் உள்ள பழைய மாணவர்கள் தங்கள் நிறுவனச் சீருடையில் வருகை தந்து இளையவர்களுக்கு ஊக்கமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ பிரின்சிபால் படித்துவிட்டு, “பேஷ், சரவணன். குட் ஐடியா” என்றார். அவர் என்னைப் பாராட்டியது அதுவே முதலும் கடைசியும்.

பழைய மாணவர்களை ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்து வருவது என் பொறுப்பு. பஸ்ஸை வெங்கடப்பா என்பவரிடம் வாடகைக்கு எடுத்திருந்தோம். ஓசூரில் பாதிக் கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவர் அவர். ‘காலேஜ் விசேஷம், நல்ல வண்டியா அனுப்புங்க’ என்று நாங்கள் கெஞ்சியதால், வழக்கமாக பி ஷிப்டுக்கு, அதாவது மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் புது வண்டியை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, ஷிப்டுக்கு வேறு வண்டியும் வேறு டிரைவரும் போட்டிருந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

மதியம் ஒரு மணிக்கு பஸ் ஸ்டாண்ட் முனையில் வண்டி நின்றது. டிரைவர் முனிராஜண்ணா ஸ்டியரிங் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நெஞ்சில் ‘ஒருங்கிணைப்பாளர்’ பேட்ஜும் கையில் நாற்பது பேர் கொண்ட பட்டியலுமாகக் கதவருகே நின்றேன். திங்கள்கிழமை கிரிக்கெட்டுக்கு நான் போகாததால் நாற்பது பேரில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. ஆனால் யூனிஃபார்மில் வருவார்கள் என்பது தெரியும். அந்த வரியை எழுதியவனே நான்தானே.

வந்தார்கள். கடிகாரம் வைத்தமாதிரி ஒரு மணி ஐந்துக்கு, சாம்பல் நிறச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக, தெருவின் நாலு பக்கத்திலிருந்தும் வந்து ஒரு வார்த்தை பேசாமல் ஏறினார்கள். “வாங்க சார், வாங்க மேடம்” என்று கும்பிட்டுக் கும்பிட்டு ஏற்றினேன். ஒருவர் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்து, “புது ஆளா?” என்றார். “ஆமாங்க சார், இறுதியாண்டு” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்த் தூங்கிவிட்டார்.

எல்லோருக்கும் ஒரே கம்பெனிச் சட்டை. அதுவும் திருமூர்த்தி சாரின் கம்பெனி. வேறு யாராக இருந்தாலும் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வந்ததோ பூரிப்பு. ஒருத்தர் உள்ளே நுழைந்து மற்றவர்களையும் இழுத்துப் போட்டுக்கொள்வது ஓசூரில் நடக்கிற விஷயம்தான். திருமூர்த்தி சார் இத்தனை பேரை இழுத்துப் போட்டிருக்கிறார் என்றால் என்னை இழுக்க எவ்வளவு நேரமாகும்? காதோரம் நன்றாக நரைத்த ஒருவரும் ஏறினார். எங்கள் முதல் செட்டே படிப்பை முடித்து எட்டு வருஷம்தான் ஆகிறது. ‘பாவம், மனுஷனுக்கு வேலை அழுத்தம்’ என்று நினைத்துக்கொண்டேன். தலையை எண்ணினேன். நாற்பத்திரண்டு. பட்டியலைவிட இரண்டு பேர் அதிகம். “போலாம் ரைட்” என்று குரல் கொடுத்தேன்.

வண்டி கிளம்பியதும் நடுவில் நின்று வரவேற்புரை ஆற்றினேன். மூன்று நாள் மனப்பாடம் செய்த உரை. ‘தாய்மடி தேடி வந்த பறவைகளே’ என்ற இடத்தில் யாராவது கைதட்டுவார்கள் என்று நிறுத்தினேன். நாற்பத்தொரு பேரும் குறட்டை. முன் இருக்கையில் ஒரு பெண் மட்டும் விழித்திருந்தாள். அட்டையில் ஜோதி என்று இருந்தது. எனக்குச் சங்கடமாக இருக்கக்கூடாதென்று அவள் லேசாகக் கை தட்டினாள்.

சூளகிரிக்கு முன்னால் இடப்பக்கம் கம்பெனிக்குத் திரும்பும் சாலை வரும். அங்கே முனிராஜண்ணா கை தானாக ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தது. “அண்ணா, நேரா, நேரா” என்று கத்தினேன்.

“அட ஆமா, தெனம் போற பழக்கம் தம்பி” என்று சிரித்துக்கொண்டே நேராக விட்டார். “ஓனரு ஒரு மணிக்கு ஆளேத்தி காலேஜுல வுடச் சொன்னாரு. யாரு, இன்னான்னு நானும் கேக்கல. எனுக்கு இன்னா கீது?”

ஜோதி எழுந்து வந்தாள். “அண்ணே, டேர்னிங்கு தாண்டிருச்சே” என்றாள். எங்கள் அப்பா ஊர்ப் பக்கத்துப் பேச்சு.

“இன்னைக்கு நேரா காலேஜுக்குத்தாங்க.”

“ஓ, டிரெயினிங்காண்ணே?”

தான் படித்த கல்லூரியை இவ்வளவு அழகாகச் சொல்கிறாளே என்று எனக்கு ஆச்சரியம். “ஆமாங்க, வாழ்க்கைக்கே டிரெயினிங்தான்” என்றேன். அவள் பின்னால் திரும்பி, “மாரியப்பண்ணே, இன்னைக்கு டிரெயினிங்காம்” என்றாள். நரைத்தவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “போன வாரந்தான சேஃப்டிக்குக் கூட்டினு போனாங்க, மறுபடியுமா” என்று சொல்லிவிட்டு அதை மூடிக்கொண்டார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கம்பெனியில் எங்கே, எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. பஸ் போகிற இடம்தான் டியூட்டி.

கல்லூரி வாசலில் பேண்டு வாத்தியம், ஆரத்தி, பன்னீர். ஜூனியர் பெண்கள் ஒவ்வொருவர் சட்டையிலும் ரோஜாப்பூ குத்தினார்கள். ஆளுக்கொரு டம்ளர் மாம்பழ ஜூஸ். ஒருவர் என்னிடம், “அட்டெண்டன்ஸ் எங்க போடணும்?” என்று கேட்டார். பழைய மாணவர் பதிவேட்டைக் காட்டினேன். வரிசையில் நின்று ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டார்கள். ‘பதிவு எண்’ என்ற கட்டத்தில் டோக்கன் நம்பர். ‘எந்த செட்’ என்ற கட்டத்தில் எல்லோருமே ‘பி’. நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் துறைத்தலைவருக்கு யாரையும் ஞாபகம் இருக்காது, ஆனால் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். மாரியப்பனைப் பார்த்ததும் தோளில் கைபோட்டு, “நீ மூணாவது பெஞ்சுதானே? அப்படியே இருக்கியே” என்றார். மாரியப்பன் இவரைவிட ஐந்து வயது மூத்தவராவது இருப்பார். அதிகாரி தோரணையில் ஒருவர் கேட்டால் ஆமாம் சொல்வதுதான் வழக்கம் என்பதால், “ஆமாங்க சார்” என்றார்.

திருமூர்த்தி சார் காரில் வந்துகொண்டிருந்தார். அவர் வருவதற்குள் ஒரு அனுபவ உரை வைத்துவிடலாம் என்று பிரின்சிபால் மைக்கில், “முதல் செட்டைச் சேர்ந்த திரு மாரியப்பன் தன் மலரும் நினைவுகளைப் பகிர்ந்துகொள்வார்” என்று அறிவித்துவிட்டார். மாரியப்பன் மேடையேறினார். கம்பெனியில் மாதாமாதம், தரம் தேறாமல் கழித்துப்போட்ட உதிரிபாகக் கணக்கைப் பற்றி மைக்கில் என்ன பேசுவாரோ அதையே பேசினார்.

“எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் நம்ம லைன்ல ரிஜெக்‌ஷன் அதிகமாப் போச்சி. தப்பு நம்மளுதுதான். இந்த மாசம் எல்லாரும் சேந்து கொறச்சிரலாம். நன்றி.”

அரங்கம் அதிர்ந்தது. இவ்வளவு சுருக்கமாகவும் உண்மையாகவும் எங்கள் மேடையில் அதுவரை யாரும் பேசியதில்லை. அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் திருமூர்த்தி சார் உள்ளே வந்தார்.

முன்வரிசைகளில் இருந்த நாற்பத்திரண்டு பேரும் ஒன்றாக எழுந்து, “குட் ஆஃப்டர்நூன் சார்” என்றார்கள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். மணி இரண்டரை. அவருடைய லைன் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம். லைனில் இருக்க வேண்டிய ஆட்கள் ஆளுக்கொரு ரோஜாப்பூவோடு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மாரியப்பன், இங்க என்ன பண்றீங்க?”

“டிரெயினிங் சார்.”

“யார் சொன்னது?”

நாற்பத்திரண்டு கைகள் என்னை நோக்கி நீண்டன. பெயர் தைத்த சட்டை ஒன்று என்னைவிட்டுத் தூரமாகப் போவதுமட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது திருமூர்த்தி சாருடைய செல்போன் அடித்தது. கம்பெனி வாசலிலிருந்து செக்யூரிட்டி. அவர் போனில் கேட்டுக்கேட்டுத் திருப்பிச் சொன்னதால் எங்கள் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. மாற்று பஸ்ஸின் டிரைவர் வேப்பனப்பள்ளிக்காரர், இந்தத் தடத்துக்குப் புதுசு. ‘ஒண்ணே கால் மணிக்கு முனையில யூனிஃபார்ம் போட்டவங்க நிப்பாங்க, ஏத்திக்கினு போய்க் கம்பெனில வுடு’ என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நின்றவர்கள் என் அழைப்பிதழை மதித்து விதவிதமான யூனிஃபார்மில் வந்த உண்மையான பழைய மாணவர்கள். குடும்பத்தோடு கம்பெனி வாசலில் இறக்கப்பட்டிருக்கிறார்கள். திருமூர்த்திதான் தங்களுக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்ட ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நம்பி, உள்ளே விடச் சொல்லி செக்யூரிட்டியோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு அடையாள அட்டை கேட்டதில் ஒரு அம்மாவுக்கு மகா கோபம்.

“டீ குடுத்து கேண்டீன்ல உக்கார வைங்க. காலைல வந்த ஏ ஷிப்டை இன்னும் ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லுங்க” என்று சொல்லிப் போனை வைத்தார் திருமூர்த்தி சார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எல்லாரும் பஸ்ல ஏறுங்க” என்றார் அவர்களிடம்.

எல்லோரும் நடந்தார்கள். ஜோதி மட்டும் என் பக்கம் வந்து, “அண்ணே, பன்னெண்டோட நிறுத்திட்டாக. காலேஜுக்குள்ள வந்ததே இன்னைக்குத்தான். ஒரே ஒரு லேபு மட்டும் பாத்துட்டு ஏறிக்கிறட்டுமா?” என்றாள். என் பதவி போய், மானம் போய், வேலையும் போகப்போகிற நேரத்தில் லேப். “முதல்ல ஏறுங்க” என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் சட்டென்று வாடியது. அன்றைக்கு நான் செய்த அத்தனை கூத்தையும் நினைத்து இப்போது சிரிப்பு வருகிறது. இதை நினைத்தால் மட்டும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் கேட்டது திருமூர்த்தி சார் காதில் விழுந்துவிட்டது. “லேட் ஆனது ஆச்சு. பத்து நிமிஷம் பாத்துட்டுப் போகட்டும். மெஷின் ஷாப்பைத் திறங்க” என்றார்.

திறந்தோம். உள்ளே ஒரு லேத் மெஷின், இரண்டு வருஷமாக ‘பழுது’ என்று அட்டை தொங்க நின்றது. நாங்கள் அதைப் பார்த்துப் படம் வரைந்து ரெக்கார்டு நோட்டில் முழு மார்க் வாங்கியிருந்தோம். மாரியப்பன் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே பெல்ட் நழுவிக் கிடந்தது. மாட்டி, இறுக்கி, ரெண்டு இடத்தில் எண்ணெய் விட்டுக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார். லேத் ஓடியது. ஜோதி பக்கத்தில் நின்று அதையே கண்கொட்டாமல் பார்த்தாள்.

திருமூர்த்தி சார் எங்களைத் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு வருஷமா இந்த மூடிய ஒருத்தர்கூடத் தொறந்து பாக்கலையா?” என்று கேட்டார். எங்கள் வகுப்பின் அறுபது இன்ஜினியர்களும் தரையைப் பார்த்தோம்.

நாலரை மணிக்குப் பழைய மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். கேண்டீன் டீயும் வடையும் சாப்பிட்டு ஏகக் குஷியில் இருந்தார்கள். அந்த மூன்று வயதுக் குழந்தை யாரோ மாட்டிவிட்ட மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்ற மறுத்து அழுதது. விழா நன்றாகவே முடிந்தது. என்னை மட்டும் மேடைப் பக்கம் விடவில்லை.

சொன்ன சொல் தவறாமல் மூன்று வாரம் கழித்துத் திருமூர்த்தி சார் நேர்காணலுக்கு வந்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொருவரையும் மெஷின் ஷாப்புக்குக் கூட்டிப்போய், “ஓட்டிக் காட்டுங்க” என்றார். அந்த மூன்று வாரமும் என் நண்பர்கள் லேத்தில் பழகிக்கொண்டிருந்தார்கள். நான் பிரின்சிபால் உத்தரவுப்படி, வந்திருந்த பழைய மாணவர் ஒவ்வொருவருக்கும் என் அழகான கையெழுத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். பதினொரு பேரை எடுத்தார்கள். நான் பன்னிரண்டாவது ஆள்கூட இல்லை. போகும்போது திருமூர்த்தி சார் என் தோளைத் தட்டி, “தப்பா நினைக்காதீங்க தம்பி. உங்களை உள்ள விட்டா என் லைன் ஆளுங்க சிரிச்சே ரிஜெக்‌ஷன் ஆக்கிருவாங்க” என்றார். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்ல இரண்டு நாளானது.

படிப்பை முடித்த மூன்றாம் மாதம் பஸ் முதலாளி வெங்கடப்பாவே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். “இருவது வருசமா பஸ்ஸு ஓட்றேன்பா. நாப்பத்திரெண்டு பேர அஞ்சு நிமிசத்துல, ஒரு கேள்வி இல்லாம ஏத்தின ஆள நான் பாத்ததில்ல. நம்மகிட்டவே வந்துரு” என்றார். ஷிப்ட் பஸ்களுக்குச் சூப்பர்வைசர் ஆனேன். இப்போதும் அதே தொழில்தான், பஸ்கள் மட்டும் கூடியிருக்கின்றன. முதல் நாள் கொடுத்த சட்டையில் பாக்கெட்டுக்கு மேல் டிராவல்ஸ் பெயர் சிவப்பு நூலில் தைத்திருந்தது. அப்பா அதை விரலால் தடவிப் பார்த்தார். “எழுத்து கொஞ்சம் பெருசாத்தான் தச்சிருக்கான்” என்றார். அப்புறம் பேச்சை மாற்றவில்லை. ரொம்ப நேரம் அந்தச் சட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

ஆனால் சூடுபட்ட இடம் ஆறவே இல்லை. அன்றிலிருந்து யார் வண்டியில் ஏறினாலும் எங்கே போகிறீர்கள் என்று வாய்திறந்து சொல்ல வைத்தால்தான் எனக்கு நிம்மதி. என் கல்யாணத்தன்று தர்மபுரியிலிருந்து பெண் வீட்டார் பஸ் வந்து மண்டப வாசலில் நின்றதும், பட்டு வேட்டியோடு கீழே ஓடி, படியில் நின்றுகொண்டு இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக, “நீங்க எந்தக் கல்யாணத்துக்கு?” என்று கேட்டிருக்கிறேன். பெண்ணின் தாய்மாமன், “யாரு கல்யாணம்னு மாப்பிள்ளைக்கே தெரியலயேங்க” என்று என் அப்பாவிடம் சண்டைக்குப் போய்விட்டார். (பின் இருக்கையில் வந்த ஒரு தம்பதி ராயக்கோட்டை ரோடு மண்டபத்துக்குப் போக வேண்டியவர்கள் என்பதைக் கண்டுபிடித்து ஆட்டோ வைத்து அனுப்பியது நான்தான். இதை மட்டும் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.)

என் மனைவி இந்தக் கதையை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லுவாள், என் மாமியார் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். ஏனென்றால் அதோடு முடியவில்லை. மணவறையில் அவளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தபோது, பழக்கதோஷத்தில் குனிந்து அவளிடமும் கேட்டுவிட்டேன், சரியான இடத்துக்குத்தானே வந்திருக்கீங்க என்று. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தெரியலைங்க. பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்” என்றாள்.